தண்டவாளம் போன வழியில் என் சைக்கிள்

இந்தப் பகுதிக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் சகோதரிகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீடு மயிலாப்பூரில். என் மாமியாரின் அப்பா தனுஷ்கோடியில் ரயில்வே கேங்மேனாக இருந்தவர். கையில் சுத்தியலோடு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பதுதான் வேலை. அந்தக் காலத்தில் எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு போகலாம். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததிலிருந்து இப்படி ஓடிக்கொண்டிருந்தது.

1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடித்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலை, ஸ்டேஷனை நெருங்கும் நேரத்தில் கடல் வாரிக்கொண்டு போனது. ஊரும் போய்விட்டது. அத்தைக்கு அப்போது எட்டு வயசு. பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று அம்மாவோடு பரமக்குடி போயிருந்ததால் பிழைத்தார். டியூட்டியில் இருந்த அப்பா திரும்பி வரவில்லை. பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடி லைனை மட்டும் மறுபடி போடவே இல்லை.

எத்தனையோ முறை ராமேஸ்வரம் வந்தும் அத்தை அந்தப் பக்கம் திரும்பியதில்லை. போன பொங்கல் லீவுக்குக் கிளம்பும்போது என்னிடம், "நீயாவது போய்ப் பாரும்மா. ஆனா வேன்ல போயிட்டு வந்து கதை சொல்லாதே. எங்கப்பா நடந்த வழி எப்படிப்பட்டதுன்னு உன் காலுக்குத் தெரியணும்" என்றார்.

அவ்வளவு தூரம் நடக்க என்னால் ஆகாது. சைக்கிள் என்றால் முடியும் என்று தோன்றியது. பத்தாவதோடு சைக்கிளை விட்டவள் நான். மகளின் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் விடியற்காலையில் சாந்தோம், திரு.வி.க. பாலம் வழியாக பெசன்ட் நகர் வரை ஓட்டிப் பழகினேன். "இந்த வயசில் எதுக்கு?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. மகள்தான், "அம்மா, வெளிநாட்டில் ரயில் நின்றுபோன பாதையில் தண்டவாளத்தை எடுத்துட்டு, ஜல்லி பரப்பி சைக்கிள் வழியாவே ஆக்கியிருக்காங்க" என்றாள். நியூஸிலாந்தில் ஒடாகோ என்ற வறண்ட பகுதியில் அப்படி ஒரு பாதை சுமார் 150 கிலோமீட்டர் இருக்கிறதாம். ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் அந்தப் பாதைகள் மெல்ல மெல்லத்தான் ஏறும், வயசானவர்கள்கூட மிதிக்கலாம் என்றாள்.

தனுஷ்கோடியில் மேடு இல்லை. ஆனால் காற்று இருக்கிறது! ராமேஸ்வரத்தில் தங்கிய விடுதிக்காரர் சைக்கிள் கொடுத்தார். விடியும்போதே கிளம்பினேன். என் கணவரும் மகளும் ஆட்டோவில் பின்னால் வந்தார்கள். முகுந்தராயர் சத்திரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கடல், நடுவில் குறுகலாக மணல். ரயிலுக்கும் வேறு வழி இருந்திருக்காது, ரோட்டுக்கும் வேறு வழி இல்லை. அங்கிருந்து அரிச்சல்முனை வரை தார் ரோடு திறந்தது 2017-ல்தான். அதுவரை மணலில் ஜீப்பும் வேனும்தான். இடது பக்கக் கடல் அமைதி, வலது பக்கம் அலை. பெண் கடல், ஆண் கடல் என்று அங்கே சொல்கிறார்கள்.

இடது பக்கத்திலிருந்து வந்த காற்று சைக்கிளை வலது ஓரத்துக்கே தள்ளியது. ரோட்டில் மணல் படிந்த இடத்திலெல்லாம் சக்கரம் வழுக்கியது. இறங்கித் தள்ளினேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன். சங்கு விற்கும் ஒரு அக்கா பார்த்துவிட்டு, "டயர்ல கொஞ்சம் காத்தை இறக்கும்மா, மணல்ல பிடிக்கும்" என்றார். அப்படியே செய்தேன். ஆச்சரியம், வண்டி நிதானமாகப் போனது.

பழைய ஸ்டேஷன் பக்கம் சைக்கிளை நிறுத்தினேன். இடிந்த சுவர்கள், கூரையில்லாத சர்ச். தண்டவாளம் இருந்த அடையாளமே என் கண்ணுக்குத் தெரியவில்லை. வெயிலிலும் மழையிலும் இந்த மணலில் தினம் ஒரு மனுஷர் நடந்திருக்கிறார் என்று நினைத்ததும் கால்வலி மறந்துபோனது. அங்கே மணலில் கை ஆழம் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். மீனவக் குடும்பத்துப் பெண் ஒருவர் தன் ஊற்றிலிருந்து ஒரு பாட்டில் பிடித்துக் கொடுத்தார்.

சாயங்காலம் விடுதிக்குத் திரும்பி அத்தையிடம் பாட்டிலைக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "அதே ருசிதான். நாளைக்கு நானும் வரேன். நான் ஆட்டோவில வரேன், நீ சைக்கிள்ல முன்னால போ" என்றார். அறுபது வருஷத்துக்குப் பிறகு அப்பா நடந்த மண்ணில் அத்தை கால் வைத்தார்.

நீங்களும் போவதானால் விடியற்காலையிலேயே கிளம்புங்கள். குடிதண்ணீர், தொப்பி, காற்றடிக்கும் பம்பு மறக்க வேண்டாம். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். வீட்டு மூலையில் துருப்பிடித்து நிற்கும் சைக்கிளை முதலில் துடைத்து எண்ணெய் போடுங்கள், தோழிகளே!

- ஒரு வாசகி, மயிலாப்பூர்