இணைய முகவரிப் பங்கீடு: அறியாத வளர்ச்சிக்கு இடம் விடுதல்

இணையத்தில் சேரும் ஒவ்வொரு வலையமைப்புக்கும் எண் முகவரிகள் தேவை. எந்த நிறுவனம் எவ்வளவு வளரும் என்பதை அவற்றைப் பகிர்ந்தளிப்போர் முன்னறிய இயலாது. அறியாத வளர்ச்சிக்கு எவ்வாறு திட்டமிடுவது என்பதே இங்கு நாம் ஆராயும் வினா.

1981இல் வரையறுக்கப்பெற்ற இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பில், ஒரு முகவரி 32 இரும இலக்கங்களைக் கொண்டது. மொத்தம் ஏறத்தாழ 430 கோடி முகவரிகள். அவை 256, 65,536, ஏறத்தாழ 1 கோடியே 67 இலட்சம் என மூன்றே அளவுகளில் வழங்கப்பட்டன. 2,000 கணினிகள் உடைய பல்கலைக்கழகம் ஒன்றுக்கு முதல் அளவு போதாது. இரண்டாம் அளவைப் பெற்றால் பெரும்பகுதி வீணாகும். 1993இல் தேவைக்கேற்ப அளந்து வழங்கும் முறை வந்தது. எனினும், 2011 பிப்ரவரியில் உலகப் பொதுத் தொகுப்புத் தீர்ந்துபோயிற்று.

அளவைப் போலவே, வழங்கும் வரிசையும் கருதத்தக்கது. 0 முதல் 15 வரை எண்ணிட்ட 16 கட்டங்களைத் தாளில் வரைந்துகொள்க. நால்வர்க்கு 0, 1, 2, 3 என அடுத்தடுத்து வழங்கியதாகக் கொள்வோம். முதலாமவர்க்கு மேலும் ஒரு கட்டம் வேண்டுமெனில், 4ஆம் கட்டத்தையே தர இயலும். அவருடைய இடம் இரண்டாகப் பிரிகிறது. தரவுகளுக்கு வழிகாட்டும் திசைவிகள் அவர்பொருட்டு இரண்டு பதிவுகளைத் தாங்க வேண்டும். இத்தகைய பிளவுகள் உலகெங்கும் பெருகினால் திசைவிகளின் சுமையும் பெருகும்.

இனி, இடைவெளியைப் பாதியாக்கிக்கொண்டே 0, 8, 4, 12 என வழங்குவோம். முதலாமவர் 1ஆம் கட்டத்தையும், பின்னர் 2, 3 ஆகியவற்றையும் பெறலாம். நான்கும் ஒரே பதிவில் அடங்கும். அவர் வளரவில்லையெனில், 2ஆம் கட்டத்தைப் புதியவர்க்கு அளிக்கலாம். யார் வளர்வார் என்பதை வழங்கும் நாளிலேயே முடிவு செய்ய வேண்டியதில்லை.

இம்முறைக்கும் குறை உண்டு. தொடர்ச்சியாக எட்டுக் கட்டங்களைக் கேட்பவர் வந்தால், முந்திய முறையில் 8 முதல் 15 வரை தரலாம்; பிந்திய முறையில் மூன்றுக்கு மேல் தொடர்ந்து கிடையா. ஆகவே, இடவளம் மிகுந்த சூழலுக்கே இது பொருந்தும். 128 இரும இலக்கங்கள் கொண்ட ஆறாம் பதிப்பில் அவ்வளம் உண்டு. அங்கும், உலகப் பொது முகவரிகளை வழங்குவதற்கென எட்டில் ஒரு பகுதியே இதுவரை திறக்கப்பட்டுள்ளது.

மொழித்துறையினர்க்கும் இச்சிக்கல் புதிதன்று. ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டது. பழங்கணக்கு ஏடுகளில் வழங்கிய பின்னக் குறிகள் 2019இல் சேர்க்கப்பட்டபோது, அவை தொலைவிலுள்ள வேறொரு பகுதியில் இடம்பெற்றன.

மாணவர்கள் அதே 16 கட்டங்களில் ஐந்தாமவர்க்கும் ஆறாமவர்க்கும் இடமளித்துப் பார்ப்பின், இரு முறைகளின் நன்மை தீமைகள் தெளிவாக விளங்கும்.