கரண்ட் போய் வந்தாலும் எழ வேண்டும்: வீட்டு சர்வருக்கு மதர்போர்டு தேர்வு

‘மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாகக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்விநியோகம் நிறுத்தப்படும்’ என்று ஊர்ப் பெயர்ப் பட்டியலோடு நாளிதழ்களில் வரும் அறிவிப்பை எல்லோரும் பார்த்திருப்போம். வீட்டில் சர்வர் வைக்க நினைப்பவர் மதர்போர்டு வாங்கக் கிளம்பும் முன் யோசிக்க வேண்டியது இந்த அறிவிப்பைத்தான். விளம்பரங்கள் பிராசசரின் வேகத்தைப் பேசுகின்றன. சேலம், நாமக்கல் சமவெளியில் ஒரு வீட்டு சர்வர் ஐந்து வருடம் தாங்குமா என்பதை முடிவு செய்பவை மின்தடை, மின்கட்டணம், வெயில், தூசி ஆகிய நான்கும்தான்.

வீட்டு சர்வர் என்றால் நாள் முழுக்க ஓடும் ஒரு கணினி, அவ்வளவுதான். நாமக்கல் கோழிப்பண்ணைக்காரருக்கு ஷெட்டின் சிசிடிவி பதிவு வேண்டும். லாரி புக்கிங் ஆபீசுக்கும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரருக்கும் டேலி கணக்கு ஒரே இடத்தில் இருக்க வேண்டும். வீட்டில் உள்ளவர்களுக்குப் போனில் நிரம்பி வழியும் போட்டோக்களைச் சேமிக்கவும், டிவியில் படம் பார்க்கவும் வசதி வேண்டும். இத்தனையும் ஒரே பெட்டியில் நடப்பதால்தான் போர்டைப் பார்த்து எடுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் டிஸ்க் கணக்கு

ஒரு கேமரா ஹெச்.265 முறையில் நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிவு செய்தால் ஒரு நாளைக்குச் சுமார் 21.6 ஜிபி சேரும். 8 கேமராவுக்கு 30 நாள் பதிவை வைத்திருக்க 5 டெராபைட்டுக்கு மேல் இடம் தேவை. அதற்கு ஒரு பெரிய டிஸ்க், போட்டோவுக்கும் கணக்குக்கும் ஒன்றுக்கொன்று நகலாக இரண்டு டிஸ்க், இயங்குதளத்துக்கு ஒரு சிறிய எஸ்எஸ்டி. ஆக, எஸ்எஸ்டிக்கு ஒரு எம்.2 இடமும் டிஸ்குகளுக்குக் குறைந்தது மூன்று சாட்டா போர்ட்டும் இருக்க வேண்டும்.

இன்டெல் ஹெச்610 சிப்செட் கொண்ட போர்டுகளில் பெரும்பாலும் 4 சாட்டா போர்ட் இருக்கும். பிராசசரோடு சேர்ந்தே வரும் என்100 வகைச் சிறு போர்டுகளில் ஒன்றோ இரண்டோதான். சில போர்டுகளில் எம்.2 இடத்தில் சாட்டா வகை எஸ்எஸ்டியைச் செருகினால் சாட்டா போர்ட்டுகளில் ஒன்று வேலை செய்யாது. அட்டைப்பெட்டியில் இதைப் போட்டிருக்க மாட்டார்கள். தயாரிப்பாளரின் தளத்தில் உள்ள கையேட்டில் சிறிய எழுத்தில் இருக்கும்.

போர்ட் போதாவிட்டால் பிசிஐ எக்ஸ்பிரஸ் இடத்தில் சாட்டா கார்டு போட்டுக்கொள்ளலாம். அப்படியொரு காலி இடம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 17 செ.மீ. சதுரமான மினி ஐடிஎக்ஸ் போர்டில் பொதுவாக ஒரே ஓர் இடம்தான். 24.4 செ.மீ. வரை வரும் மைக்ரோ ஏடிஎக்ஸில் இரண்டு, மூன்று கிடைக்கும். பெட்டி வைக்க மேசைக்கடியில் இடம் இருப்பவருக்கு மைக்ரோ ஏடிஎக்ஸே வசதி.

மீட்டர் சொல்லும் கணக்கு

தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 60 நாள் என்றால் 1,440 மணி நேரம். சராசரியாக 30 வாட் இழுக்கும் சர்வர் அதற்குள் 43 யூனிட் செலவழிக்கும். கேமிங்குக்காக வாங்கிய பழைய கணினியை அப்படியே சர்வராக்கி, அது 100 வாட் இழுத்தால் 144 யூனிட். அரசு இலவசமாகத் தரும் யூனிட்டுகளில் பெரும்பகுதியை அந்தப் பெட்டி ஒன்றே விழுங்கிவிடும். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப் படிகளுக்கான கட்டணமும் உயரும் என்பதால், ஏசி ஓடும் வீட்டில் இந்த வித்தியாசம் பில்லில் பளிச்சென்று தெரியும்.

2023-ல் வந்த இன்டெல் என்100 பிராசசருக்குக் குறிக்கப்பட்ட மின்திறன் 6 வாட்தான். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலும்போது 5 முதல் 8 வாட் வரை இழுக்கும். மூன்று டிஸ்க் போட்டால் போர்டைவிட டிஸ்குகளே அதிகம் எடுக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டவே வேண்டாம். 2015-ல் வந்த இன்டெல் 6-ம் தலைமுறை முதல் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதியே கேமராவின் ஹெச்.265 வீடியோவைக் கையாண்டுவிடும். பெயரின் இறுதியில் ‘எஃப்’ என்ற எழுத்துள்ள இன்டெல் பிராசசர்களில் மட்டும் அந்தப் பகுதி இருக்காது. வாங்கும்போது கவனியுங்கள்.

கரண்ட் வந்ததும் தானாக எழுமா?

வீட்டு இன்வெர்ட்டர் எட்டு மணி நேரம் தாங்கும் என்று நம்ப முடியாது. பேட்டரி தீர்ந்து சர்வர் நின்று, மாலையில் கரண்ட் வரும்போது வீட்டில் ஆள் இருக்கவும் மாட்டார்கள். அந்த நேரத்தில் யாரும் பட்டனைத் தொடாமலே போர்டு எழ வேண்டும். இதற்காகப் பயாஸில் ‘ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்’ என்றோ அதைப் போன்ற பெயரிலோ ஓர் அமைப்பு இருக்கும். அதை ‘பவர் ஆன்’ என்று மாற்றி வைக்க வேண்டும். இந்த வசதி இல்லாத போர்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சர்வருக்கு ஆகாது.

பழைய போர்டுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. மானிட்டரும் கீபோர்டும் இல்லாமல் ஏதோ ஒரு மூலையில் வைத்திருப்போம். கரண்ட் வந்ததும் போர்டு விழித்து, ‘கீபோர்டு இல்லை, எஃப்1 அழுத்தவும்’ என்று கேட்டு அங்கேயே நின்றுவிடும். பிழை கண்டாலும் நிற்காமல் மேலே போகும்படி பயாஸில் மாற்றலாம். ஆனால் போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால், ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் நாம் செய்த மாற்றம் அழிந்துபோகும். பழைய போர்டு வாங்கினால் முதல் வேலையாக அந்தப் பேட்டரியை மாற்றுங்கள்.

பல இன்வெர்ட்டர்களில் ‘யுபிஎஸ் மோட்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போடாவிட்டால், கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் இடைவெளியிலேயே கணினி அணைந்து எழும். போர் மோட்டார் போடும்போது லைட் மங்கும் வீடுகளில் சர்வருக்கென்று சிறிய யுபிஎஸ் ஒன்றைத் தனியாக வைப்பது நல்லது. யுஎஸ்பி கேபிள் உள்ள யுபிஎஸ் என்றால், பேட்டரி தீரும் முன் சர்வரை முறையாக அணைக்கும்படியும் அமைத்துக்கொள்ளலாம்.

வெயில், பஞ்சு, இடி

ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடுவது சேலத்துக்குப் புதிதல்ல. எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பது மின்னணுத் துறையின் பொதுக் கணக்கு. எனவே சாலிட் கெபாசிட்டரும், பிராசசருக்கு மின்சாரம் தரும் பகுதியின் மேல் உலோக ஹீட்சிங்கும் உள்ள போர்டு நல்லது. மொட்டைமாடி ஷீட் அறையில் சர்வரை வைக்கக் கூடாது.

இளம்பிள்ளை, குமாரபாளையம், பள்ளிபாளையம் போன்ற விசைத்தறி ஊர்களில் நூல் பஞ்சு ஹீட்சிங்கின் இடுக்குகளில் மெத்தையாகப் படிந்துவிடும். அங்கெல்லாம் ஃபேன் இல்லாமலே குளிரும் என்100 வகை போர்டுக்கு ஒரு தனி அனுகூலம் உண்டு. அதிலும் அவ்வப்போது தூசி தட்டத்தான் வேண்டும்.

கோடை மழையின் இடி மின்னலில், பண்ணையிலிருந்து வெட்டவெளியில் வரும் லேன் கேபிள் வழியாகவே போர்டு அடிபடலாம். கேமரா கேபிளை நேராக மதர்போர்டில் செருகாமல் நடுவில் ஒரு மலிவான நெட்வொர்க் ஸ்விட்ச் வையுங்கள். ஷெட்டுக்கும் வீட்டுக்கும் இடையே ஃபைபர் போட்டால் இன்னும் பாதுகாப்பு.

பழசா, புதுசா?

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் பொதுவாக இன்டெல் 8-ம் தலைமுறையாவது வேண்டும் என்பதால், 6, 7-ம் தலைமுறை அலுவலகக் கணினிகள் பழைய சந்தைக்கு வருகின்றன. லினக்ஸ் சர்வருக்கு அவை தாராளமாகப் போதும். 2025 இறுதியில் ராம் விலை ஏறிய பிறகு, ராமோடு சேர்ந்தே வரும் பழைய கணினிக்கு மதிப்பு கூடியிருக்கிறது. ஆனால் பிராண்டட் கணினிகளின் போர்டு பல சமயம் சாதாரண பவர் சப்ளைக்கும் கேபினெட்டுக்கும் பொருந்தாது. முழுக் கணினியாக எடுத்தால்தான் லாபம்.

‘புது போர்டு, விலை கம்மி’ என்று கடைகளில் காட்டப்படும் ஹெச்61 வகையைத் தவிர்க்கலாம். 2011-ல் வந்த அந்தச் சிப்செட் பழைய, வேகம் குறைந்த சாட்டாவை மட்டுமே தரும். அதில் பொருந்தும் பிராசசர்களும் அதே காலத்தவை. சீனாவிலிருந்து ஆன்லைனில் வரும் 6 சாட்டா ‘நாஸ் போர்டு’கள் ஆசை காட்டும். பழுதானால் சேலத்திலோ நாமக்கல்லிலோ கொடுத்து மாற்ற வழியில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

2.5 கிகாபிட் லேனுக்காகக் கூடுதல் காசு கொடுக்கவும் தேவையில்லை. 8 கேமராவும் சேர்ந்து அனுப்புவது நொடிக்கு 16 மெகாபிட்தான். ஒரு கிகாபிட்டில் அது ஓரமாகப் போய்விடும். வண்ண விளக்கு, ஓவர்கிளாக்கிங் எல்லாம் சர்வருக்கு வீண்.

முடிவாக, இரண்டு டிஸ்க்கும் நான்கைந்து கேமராவும் போதும் என்பவருக்கு என்100 போர்டு. அதற்கு மேல் வேண்டும், டேலிக்காக விண்டோஸையும் உள்ளே ஓட்ட வேண்டும் என்பவருக்கு 4 சாட்டா உள்ள ஹெச்610 மைக்ரோ ஏடிஎக்ஸ். செலவைக் குறைக்க நினைப்பவருக்கு 6 அல்லது 7-ம் தலைமுறை முழுக் கணினி. எதை வாங்கினாலும், பணம் கொடுக்கும் முன் கடைக்காரரிடம் பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகச் சொல்லுங்கள். பட்டனைத் தொடாமல் போர்டு எழுந்தால் வாங்குங்கள். நல்ல போர்டு இருக்கிறதே என்று கணக்கையும் போட்டோவையும் அந்த ஒரு பெட்டியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். இன்னொரு நகல் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.