நடந்து போட்ட பேட்ச், இரவில் இறங்கும் அப்டேட்

சென்னையிலிருந்து வடக்கே போகும் ஜி.என்.டி. சாலையில், பெரியபாளையம் சாலை பிரிகிற இடம் புதுவாயல். அங்கிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை உருக்காலைகளும் உதிரிபாகத் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் அடுத்தடுத்து வருகின்றன. இந்த வட்டாரம் மாறிய கதையைச் சொல்கிறவர்கள் வயல்கள் போனதைச் சொல்வார்கள், ஆலைகள் வந்ததைச் சொல்வார்கள், சாலை அகலமானதைச் சொல்வார்கள். அந்த ஆலைகளுக்குள் இருக்கும் கணினிகளைப் பராமரிக்கும் முறை அடியோடு மாறியதை யாரும் சொல்வதில்லை. அது கண்ணில் படாத மாற்றம். ஆனால் வாயிலில் லாரி தேங்காமல் நகர்வதும், மாதக் கடைசியில் இன்வாய்ஸ் போவதும், சம்பளம் நாள் தவறாமல் ஏறுவதும் அந்தக் கணினிகளை நம்பித்தான் நடக்கின்றன.

இருபது ஆண்டுகளுக்கு முன் நடுத்தர ஆலை ஒன்றில் இருபது, முப்பது கணினிகள் இருந்தால் அதிகம். கணக்குப் பிரிவில் டாலி, ஸ்டோர்ஸில் இருப்புக் கணக்கு, டெஸ்பாட்சில் கலால் இன்வாய்ஸ், வாயிலில் எடைமேடை. இணையம் ஓர் அறையில், ஒரே கணினியில், தொலைபேசி வழி இணைப்பில் இருக்கும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2 என்ற திருத்தத் தொகுப்பு ஏறத்தாழ 266 எம்.பி. அளவுடையது. 56 கே மோடத்தில் அதை இறக்க, இணைப்பு ஒருமுறைகூட அறாமல் இருந்தாலும், பதினோரு மணி நேரம் வேண்டும். 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் வந்தபோது, 256 கே.பி.பி.எஸ். வேகத்தில் அது இரண்டரை மணி நேரமாகக் குறைந்தது. ஆனால் மாதத்துக்கு இவ்வளவு எம்.பி.தான் என்ற வரம்பு இருந்தது. தாண்டினால் பில் ஏறும். சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில் சேராது என்பதால், அந்த நேரத்துக்கு டவுன்லோடைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அதுவும் முடியாதவர்களுக்குச் சென்னை ரிச்சி தெருக் கடைகளும், கணினி இதழ்களோடு இலவசமாக வந்த சி.டி.யும் துணை.

சி.டி. கைக்கு வந்ததும் சிஸ்டம்காரரின் நடை தொடங்கும். கணக்குப் பிரிவில் ஆரம்பித்து, ஸ்டோர்ஸ், தரக்கட்டுப்பாடு, டெஸ்பாட்ச் என்று போய் எடைமேடை அறையில் முடியும். ஒவ்வொரு கணினியிலும் வேலை செய்கிறவரை எழுந்திருக்கச் சொல்லி, பேட்ச் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக முடியும். ஒன்றுக்கு அரை மணி என்று வைத்தாலும் முப்பது கணினிக்குப் பதினைந்து மணி நேரம். இடையில் பிரிண்டர் கோளாறு, கேபிள் கோளாறு என்று அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும். ஒரு வாரம் ஓடிவிடும். எது முடிந்தது, எது பாக்கி என்பதற்கு ஒரு நோட்டுதான் சாட்சி: கணினியின் பெயர், பேட்ச் எண், தேதி, எதிரே ஒரு டிக். பூட்டிய அறையில் இருக்கும் கணினிக்கு எதிரே டிக் விழாமலே மாதங்கள் போவதும் உண்டு.

எடைமேடை அறை அந்த நடையின் கடினமான நிறுத்தம். லாரி மேடையில் ஏறி நின்றதும் எடைகாட்டியிலிருந்து சீரியல் கேபிள் வழியே எண் கணினிக்கு வரும். ஆபரேட்டர் வண்டி எண்ணையும் சரக்கின் பெயரையும் அடித்ததும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் எடைச்சீட்டு கரகரவென்று இறங்கும். இரும்புக் கழிவு ஏற்றி உள்ளே வரும்போது ஓர் எடை, இறக்கிவிட்டு வெளியே போகும்போது ஓர் எடை, வித்தியாசத்துக்குத்தான் பணம். அந்தக் கணினி கால் மணி நேரம் நின்றால் வண்டிகள் வாயிலைத் தாண்டி வரிசை கட்டும். சி.டி.யோடு வந்து நிற்பவரிடம் ஆபரேட்டர், "தம்பி, லோடு வண்டி வரிசையா நிக்குது. சாப்பாட்டு நேரத்துல வந்து போட்டுக்கப்பா" என்பார். அவரும் அப்படியே திரும்பி வருவார். ஆலையின் நேரம் பார்த்துத்தான் மென்பொருள் ஏறியது.

அந்த நடையில் ஒரு படிப்பும் இருந்தது. எந்தக் கணினியின் விசிறி சத்தம் போடுகிறது, எதில் உருக்காலைத் தூசி அடைத்திருக்கிறது, யார் பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டி வைத்திருக்கிறார், எந்த மென்பொருள் எந்த போர்ட்டை நம்பி ஓடுகிறது என்பதெல்லாம் போய்ப் பார்க்கிறவருக்கே தெரியும். நோட்டில் ஏறாத அந்த அறிவு அவருடைய தலையில் இருந்தது. அவர் வேறு வேலைக்குப் போனால் அதுவும் கூடவே போய்விடும்.

அந்த முறைக்கு விலையும் இருந்தது. பிளாஸ்டர் என்ற கணினிப் புழு நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் 2003 ஜூலை 16 அன்றே வெளியிட்டுவிட்டது. புழு பரவத் தொடங்கியது ஆகஸ்ட் 11 அன்று. இடையில் 26 நாள் இருந்தும், உலகம் முழுவதும் கணினிகள் அறுபது வினாடி எண்ணிவிட்டுத் தாமாக அணைந்தன. மறு ஆண்டு ஏப்ரல் 13 அன்று வேறொரு ஓட்டைக்குப் பேட்ச் வந்தது. அந்த மாதக் கடைசியிலேயே அதன் வழியே சாசர் புழு வந்துவிட்டது. ஒரு வாரம் நடந்து போடுகிறவருக்கு, பேட்ச் வந்த செய்தி நேரத்துக்கு எட்டி, சி.டி.யும் கிடைத்திருந்தால் அந்த நாட்கள் போதும். எட்டுவதுதான் அரிதாக இருந்தது.

இன்று நிலைமை வேறு. 2003 அக்டோபரிலிருந்து மைக்ரோசாஃப்டின் பாதுகாப்பு அப்டேட்கள் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வருகின்றன. இந்திய நேரப்படி அது இரவு பத்தரை மணி. அமெரிக்காவில் குளிர்காலம் என்றால் பதினொன்றரை. 2002இல் முதல் வடிவமும் 2005 ஜூனில் டபிள்யூ.எஸ்.யூ.எஸ். என்ற பெயரில் மேம்பட்ட வடிவமும் பெற்ற ஏற்பாடு, அந்த அப்டேட்களை ஆலையின் சர்வர் ஒன்றில் ஒரே முறை இறக்கி வைக்கிறது. மற்றக் கணினிகள் வெளியே போக வேண்டியதில்லை, எதுவும் மாற்றாமல் விட்டால், 22 மணி நேரத்துக்குள் ஒருமுறை அந்த சர்வரிடம் வந்து "எனக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்கும். நிர்வாகி எந்தக் குழுவுக்கு எதை அனுமதித்தாரோ அது மட்டும், நெட்வொர்க்கில் மிச்சம் இருக்கும் வேகத்தில், வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் இறங்கும்.

முப்பது கணினிக்கு முப்பது முறை இறங்க வேண்டியது ஒரே முறை இறங்குகிறது. ஒரு வாரம் நடந்தது ஓர் இரவில் முடிகிறது. நோட்டில் போட்ட டிக், திரையில் அட்டவணையாக நிற்கிறது: இத்தனை கணினியில் ஏறிவிட்டது, இத்தனையில் ஏறவில்லை, இத்தனை கணினி பல நாட்களாகத் தகவலே தரவில்லை. அன்று பூட்டிய அறையின் கணினியை மறந்துவிட முடிந்தது. இன்று அட்டவணை நினைவுபடுத்துகிறது. நடந்த காலத்தில் வேலை முடிந்தது என்று நம்பத்தான் முடிந்தது, இன்று காட்டவும் முடிகிறது. இது சிறிய ஆதாயம் அல்ல. கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் சி.ஈ.ஆர்.டி.-இன் (CERT-In) அமைப்பு 2022 ஏப்ரலில் உத்தரவிட்ட பிறகு, எந்தக் கணினி எந்த நிலையில் இருக்கிறது என்று உடனே சொல்லத் தெரிவது ஆலைக்கு அவசியமாகிவிட்டது.

இந்த ஏற்பாட்டின் அருமையை 2017 காட்டியது. வானாக்ரை என்ற புழு பயன்படுத்திய ஓட்டைக்கு மார்ச் 14 அன்று பேட்ச் வந்தது; தாக்குதல் மே 12 அன்று. 59 நாள் அவகாசம். அதற்குள் போட்டவர்களுக்கு அந்த வார இறுதி வழக்கம்போல் கழிந்தது. போடாதவர்களின் கோப்புகள் பூட்டப்பட்டன. கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் வரும் ஆந்திரத்தில் காவல்துறைக் கணினிகளே சிக்கின.

போனவற்றையும் சொல்ல வேண்டும். அன்று ஒவ்வொரு பேட்சும் தனித்தனி. ஒன்று பிரிண்டருக்கு ஆகவில்லை என்றால் அதை மட்டும் விட்டுவிடலாம். 2016 அக்டோபரிலிருந்து விண்டோஸ் 7இலும் மாத அப்டேட் ஒரே மூட்டையாக வரத் தொடங்கியது. எடுத்தால் முழுவதும் எடுக்க வேண்டும். 2021 மார்ச் மூட்டையை ஏற்றிய விண்டோஸ் 10 கணினிகள் சில, குறிப்பிட்ட நிறுவனங்களின் பிரிண்டர்களுக்கு அச்சு ஆணை போனதும் நீலத் திரையில் நின்றன. லேபிள் இல்லாமல் பெட்டி வெளியேறாத டெஸ்பாட்ச் பிரிவுக்கு அது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. எடைமேடை ஆபரேட்டரிடம் இன்று யாரும் நேரம் கேட்பதில்லை, நள்ளிரவில் ஏறிவிடுகிறது. நள்ளிரவிலும் லாரி வரும் என்பது சர்வருக்குத் தெரியாது, யாராவது சொல்லி வைத்தால் ஒழிய.

மையத்திலிருந்து போவது நல்லதானாலும் கெட்டதானாலும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போகிறது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு அனுப்பிய பிழையான கோப்பு ஒன்று, நம் நேரப்படி காலை 9.39க்குப் போனது, 10.57க்குத் திரும்பப் பெறப்பட்டது. அந்த 78 நிமிடத்தில் உலகில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எழுந்திருக்காத கணினிகளைத் தொலைவிலிருந்து தொட முடியவில்லை. பல இடங்களில் ஆள் ஒருவர் ஒவ்வொரு கணினியின் முன்னும் போய் நின்று, சேஃப் மோடில் ஏற்றி, அந்தக் கோப்பை அழித்தார். வட்டு பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணை அடித்த பிறகுதான் அதையும் செய்ய முடிந்தது. பழைய காலத்தின் நடையே அன்று கைகொடுத்தது.

மைய சர்வரும் தாக்குதலுக்கு அப்பாற்பட்டதல்ல. 2025 அக்டோபரில் டபிள்யூ.எஸ்.யூ.எஸ்.ஸிலேயே கடுமையான ஓட்டை ஒன்று தெரியவந்தது. முதலில் வந்த பேட்ச் போதவில்லை. அக்டோபர் 23 அன்று மாத முறையை மீறி அவசர பேட்ச் வந்தது. மறுநாளே தாக்குதல்கள் நடப்பது வெளியே தெரிந்தது. 2003இல் 26 நாள், 2017இல் 59 நாள் என்று கிடைத்த அவகாசம் இங்கே ஒரு நாளாகச் சுருங்கிவிட்டது. நடந்து போடும் முறைக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஒன்றே பதில்.

இந்த சர்வரும் வயதாகிவருகிறது. டபிள்யூ.எஸ்.யூ.எஸ்.ஸில் இனிப் புதிய வசதிகள் வராது என்று மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பரில் அறிவித்தது. இப்போதைக்கு அது ஓடும். அடுத்த மையம் கிளவுடில் இருக்கிறது. சி.டி. ஆலைக்குள் நடந்தது, சர்வர் ஆலைக்குள் ஓர் அறையில் இருந்தது, அடுத்த மையம் ஆலைச் சுவருக்கு வெளியே போகிறது. அன்றும் இன்றும் மாறாமல் இருப்பவை இயந்திரங்களோடு ஒட்டிக்கிடக்கும் பழைய கணினிகள்தாம். எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்தது, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்று, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்று. எடைமேடையிலும் சி.என்.சி. இயந்திரத்திலும் இருக்கும் கணினி மட்டும், அதற்கான மென்பொருள் புதியதில் ஓடாது என்பதால், அப்படியே இருந்துவிடுகிறது. சர்வரிடம் ஒருமுறைகூடப் போய்க் கேட்காத கணினி அட்டவணையில் வராது. அதைக் கண்டுபிடிக்க ஆலைக்குள் நடந்துதான் ஆக வேண்டும்.

மைய சர்வர் வந்தது நல்லதுதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது மிச்சப்படுத்திய பதினைந்து மணி நேரத்தில் பெரும்பகுதியை வேறு வேலைகளுக்குக் கொடுத்துவிட்டோம். ஒரு பகுதியையாவது திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். புதுவாயலிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை ஆலை நடத்துகிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். புதன்கிழமை காலையில் அப்டேட்டை எல்லோருக்கும் திறந்துவிடாமல், முதலில் பிரிவுக்கு ஒரு கணினியில் போட்டுப் பாருங்கள். ஓட்டை ஏற்கெனவே தாக்கப்படுகிறது என்ற எச்சரிக்கை வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். ரீஸ்டார்ட் நேரத்தை எடைமேடை ஆபரேட்டரையும் டெஸ்பாட்ச் சூப்பர்வைசரையும் கேட்டு வையுங்கள். அப்டேட் ஏற்க முடியாத கணினிகளை அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வையுங்கள். உங்கள் சிஸ்டம்காரரை மாதம் ஒருமுறை, கையில் பட்டியலோடு, எல்லாக் கணினிகளையும் நேரில் பார்த்துவர அனுப்புங்கள்.