அப்பம்மாவின் தேத்தண்ணியும் மகளின் இரும்புச்சத்தும்

போன குளிர்காலம் ஏழு வயது மகள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் சோபாவில் சுருண்டு படுக்கத் தொடங்கினாள். மாடிப்படி ஏறவே "களைக்குது அப்பா" என்பாள். ஸ்காபரோ குளிர்தான் என்று நினைத்தோம். இரத்தப் பரிசோதனையில் பெரிட்டின் குறைவு என்று வந்தது. உடம்பு சேமித்து வைத்திருக்கிற இரும்பின் அளவைக் காட்டுவது அது. டொக்டர் இரும்பு மருந்து எழுதிக்கொண்டே கேட்டார், "சாப்பாட்டோடு டீ குடிக்கிறாளா?"

இல்லை என்று அடித்துச் சொன்னேன். காரில் ஏறியதும் மகள் சொன்னாள்: "நான் ஒவ்வொரு நாளும் அப்பம்மாவோட குடிக்கிறனான்."

நாங்கள் இரண்டு பேரும் வேலையில் இருக்கும்போது, மூன்றரை மணிக்கு அம்மா சோறு, பருப்பு, கீரை குழைச்சுத் தீத்துவா. கையோடு அரைக் கோப்பைத் தேத்தண்ணி. சிக்கல் அந்தக் "கையோடு"தான். தேயிலையில் இருக்கிற பொலிபினோல்கள் பருப்பு, கீரையில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளும். குடல் அதை உறிஞ்ச முடியாது. மீன், இறைச்சியில் உள்ள இரும்புக்கு இந்தப் பாதிப்பு குறைவு. மகள் இரண்டையும் தொடமாட்டாள்.

கிரீன் டீக்கு மாற்றினால் சரிதானே என்று முதலில் நினைத்தேன். அதுவும் இதையே செய்யும். கறுப்பு, பச்சை, ஊலோங், வெள்ளை எல்லாம் ஒரே செடிதான். பறித்த இலையைக் காற்றில் எவ்வளவு கறுக்க விடுகிறார்கள் என்பதில்தான் பெரிய வித்தியாசம். கமொமைல், ரூய்போஸ் வேறு செடிகள். அவற்றில் கஃபீன் இல்லை. (மெலிவதற்கென்று விற்கும் கிரீன் டீ சாறு மாத்திரைகள் வேறு கதை. ஈரல் பாதிப்பு பற்றி ஹெல்த் கனடாவே எச்சரித்திருக்கிறது.)

கஃபீனையும் பார்த்தேன். ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 62.5 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்பது ஹெல்த் கனடாவின் கணக்கு. ஒரு கோப்பைக் கறுப்புத் தேநீரில் ஏறக்குறைய 40, 50 இருக்கும். அரைக் கோப்பை அந்த அளவுக்குள்தான். ஆனால் கோலாவும் சொக்லேட்டும் அதே கணக்கில்தான் வரும்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"நாங்கள் எல்லாம் குடிச்சுத்தானே வளர்ந்தனாங்கள் தம்பி?"

"உங்களுக்கு மீன் குழம்பு இருந்தது அம்மா. இவள் பருப்பை மட்டும் நம்பி இருக்கிறாள்."

அவ பேசாமல் கோப்பையைக் கழுவினா. பிள்ளைக்குத் தமிழில் அரைவாசிதான் விளங்கும், இவவுக்கு இங்கிலிஷ் அரைவாசிதான். இரண்டு பேரும் ஒரு மேசையில் இருக்கக் காரணமே அந்தத் தேத்தண்ணிதான். நிறுத்தச் சொன்னால் எதை நிறுத்துகிறேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

அதனால் நேரத்தைத்தான் மாற்றினோம். மூன்றரைக்குச் சாப்பாடு, பருப்பில் தேசிக்காய் பிழிந்து. விற்றமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். ஐந்து மணிக்குத் தேத்தண்ணி. இடையில் ஒரு மணி நேரமாவது விட்டால் பாதிப்பு நன்றாகக் குறையும். மகளின் கோப்பையில் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணி, கொஞ்சம் பனங்கட்டி. இரும்பு மருந்தும் டீயோடு வேண்டாம்.

பெரும்பாலான பெரியவர்கள் பயப்பட ஒன்றுமில்லை. பிரித்தானியாவில் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேரை வைத்துச் செய்து 2022இல் வெளியான ஆய்வில், நாளுக்கு இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ கறுப்புத் தேநீர் குடித்தவர்களிடம் இறப்பு ஆபத்து 9 முதல் 13 சதவீதம் குறைவாக இருந்தது. பால், சீனி போட்டவர்களிலும் அப்படித்தான். தேநீர்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. நான் நாளுக்கு மூன்று குடிக்கிறேன், ஆய்வுக்காக இல்லை.

மூன்று மாதம் கழித்துப் பெரிட்டின் ஏறியிருந்தது, இன்னும் முழுதாக இல்லை. போன சனி நான் குசினிக்குள் போனபோது அம்மா தன் கோப்பையில் இருந்து இரண்டு கரண்டி தேத்தண்ணி மகளின் கொத்தமல்லித் தண்ணிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தா. மணி ஐந்தே கால். நான் பார்க்காததுபோல் திரும்பி வந்துவிட்டேன்.