சாம்பாரில் தண்ணீர் கூடுகிறதா?

அவனியாபுரத்தில் காய்கறிப் பையோடு வரும் எந்த இல்லத்தரசியிடமும், "என்னக்கா, தக்காளி என்ன விலை?" என்று கேட்டுப் பாருங்கள். விலை ஏறிய மாதமாக இருந்தால், "அதை ஏன் கேக்குறீங்க!" என்றுதான் பதில் ஆரம்பிக்கும். 2019 டிசம்பரில் மதுரையில் வெங்காயம் கிலோ 200 ரூபாயைத் தொட்டது. 2023 ஜூலையில் தக்காளி 100 ரூபாயைத் தாண்டியது. ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க அரசு ஏற்பாடு செய்யவேண்டி வந்தது.

உண்மையைச் சொன்னால், நாலு வாரம் தக்காளி இல்லாததால் யார் உடம்பும் கெட்டுவிடாது. புளியைக் கொஞ்சம் கூடக் கரைத்தால் ரசம் ரெடி. கவலைப்பட வேண்டியது பருப்பு விலைக்குத்தான். 2015-ல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாய் வரை போனது. இந்த மாதிரி சமயத்தில் நம் வீடுகளில் சோற்றைக் குறைப்பதில்லை. சாம்பாரில் தண்ணீரைக் கூட்டிவிடுகிறோம்.

நாலு பேர் வீட்டில் 150 கிராம் பருப்பு போடும் இடத்தில் 75 கிராம் போட்டால், சுமார் 16 கிராம் புரதம் போச்சு. கிட்டத்தட்ட மூன்று முட்டையில் உள்ள சத்து! வயிறு நிறைந்துவிடுவதால் யாருக்கும் தெரிவதில்லை. முட்டை பிள்ளைகளுக்கு, பால் மாமனாருக்கு, அடியில் தங்கிய பருப்பு வீட்டுக்காரருக்கு. கடைசியில் உட்காரும் அம்மாவுக்கு வெறும் தெளிவுதான்.

தமிழகத்தில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு. இதற்கு விலைவாசி மட்டுமே காரணமில்லை. ஆனால் பருப்பும் கீரையும் முட்டையும் தட்டிலிருந்து நகர்ந்தால், இருக்கிற ரத்தமும் குறையத்தானே செய்யும்?

அப்படியானால் எதைக் குறைப்பது? முதலில் மிக்சர், பிஸ்கட், அப்புறம் விளம்பரத்தில் வரும் சத்துபான டப்பா. அந்தப் பணத்துக்கு வேர்க்கடலையும் பாசிப்பயறும் வாங்கலாம். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் பருப்பை, 'நாம போய் வரிசையில நிக்கிறதா?' என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அட்டை இருந்தால் கூச்சப்படாமல் வாங்குங்கள். முருங்கைக்கீரை பக்கத்து வீட்டு மரத்திலேயே கிடைக்கும். அதோடு எலுமிச்சை பிழிந்த சாதமோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் ஒட்டும். சாப்பிட்டதும் காபி, டீ குடித்தால் ஒட்டாது. ஒரு மணி நேரம் பொறுங்கள்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, எப்போதும் அசதியா? 'வேலை ஜாஸ்தி' என்று தள்ளிப்போடாமல், அரசு சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும்.