பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்: ஓட்டமும் பராமரிப்பும்

ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில் மலாயாவின் சாலைகளில் ஓடிய மோட்டார் சைக்கிள்களில் பல பிரிட்டனில் செய்தவை. பி.எஸ்.ஏ., நார்ட்டன், டிரையம்ஃப், ராயல் என்ஃபீல்டு ஆகியவை அவற்றில் பெயர் பெற்றவை. 1948-இல் வந்த பி.எஸ்.ஏ. பேண்டம், போருக்குப் பின் ஜெர்மானியரின் டி.கே.டபிள்யூ. வரைபடத்தைக் கொண்டு செய்த எளிய 125 சி.சி. வண்டி. 1950களின் இறுதியில் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ ஹோண்டாவைக் கொண்டுவந்தார். விலை குறைந்த ஜப்பானிய வண்டிகள் கெடா மாநிலத்தின் லூனாஸ், பாடாங் செராய், கூலிம் போன்ற ஊர்களிலும் பரவ, பிரிட்டிஷ் வண்டிகள் மெல்ல ஒதுங்கின.

அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் சென்னையில் நீண்ட ஆயுள் கிடைத்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெடிச் நகரின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் 350 சி.சி. புல்லட் உருவானது. ரெடிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. பத்தாண்டு கழித்து, 1977-இல், சென்னை புல்லட் பிரிட்டனுக்கே ஏற்றுமதியானது. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் அரை நூற்றாண்டுக்கு மேல் அதிக மாற்றமின்றி உற்பத்தியானதால், புல்லட்டுக்கு உதிரிபாகம் தேடுவது மற்ற பழைய வண்டிகளைவிடச் சுலபம்.

இப்பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பட்டன் ஸ்டார்ட் கிடையாது. எஞ்சினின் நிலையறிந்து கிக்கரை மிதிக்க வேண்டும். புல்லட்டில் பெட்ரோல் குழாயைத் திறந்து, சாவியைத் திருப்பிய பின், கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஆம்பியர் மீட்டரின் முள் இடப்பக்கம் சாய்ந்து, பிளாட்டினம் பாயிண்ட் திறக்கும் கணத்தில் நடுவுக்குத் திரும்பும். அப்போது சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஸர் நெம்புகோலைப் பிடித்து, கிக்கரைச் சற்றே கீழிறக்கி, நெம்புகோலை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு முழுதாக மிதித்தால் எஞ்சின் உயிர்பெறும். மேக்னெட்டோ வைத்த பழைய பி.எஸ்.ஏ. வண்டிகளில் மிதிக்கும் முன் கைப்பிடியருகே உள்ள நெம்புகோலால் தீப்பொறியைத் தாமதப்படுத்த வேண்டும். மறந்தால் கிக்கர் திருப்பி உதைத்துக் காலைக் காயப்படுத்தும்.

ஓட்டும்போது கால்கள் புதுப்பழக்கம் பெற வேண்டும். கப்சாய் எனப்படும் சிறிய வண்டியில் இடக்கால் கியர் மாற்றும், வலக்கால் பிரேக் பிடிக்கும். பழைய புல்லட்டில் இது தலைகீழ். முதல் கியருக்கு வலக்கால் பெடலை மேலே தூக்க வேண்டும். மற்ற மூன்றும் கீழே அழுத்தினால் விழும். அவசரத்தில் பழைய நினைவில் வலக்காலை அழுத்தினால் வண்டி நிற்காது, அடுத்த கியருக்குத்தான் போகும். டிரம் பிரேக் இக்கால டிஸ்க் பிரேக் அளவுக்குப் பிடிக்காது. நனைந்தால் இன்னும் பலம் குறையும். முன்வண்டியுடன் தாராளமாக இடைவெளி விடுவதே பாதுகாப்பு.

பராமரிப்பில் முதலிடம் எண்ணெய்க்கு. பல வண்டிகளில் இருப்பது கம்பி வலை வடிகட்டி மட்டுமே; நுண்ணிய துகள்களை அது தடுக்காது. ஆகவே எஞ்சின் ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். புல்லட்டின் பிளாட்டினம் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். புல்லட்டின் டாப்பெட்டைச் சரிபார்க்க எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பிஸ்டன் அழுத்தத்தின் உச்சியில் நிற்கும்போது புஷ் ராடு விரலால் எளிதாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. இறுக்கமாக இருந்தால் வால்வு முழுதாக மூடாமல் கருகும்.

கருவிகளிலும் கவனம் தேவை. பழைய பிரிட்டிஷ் போல்ட்டுகளில் பல விட்வொர்த் அளவில் அமைந்தவை. விட்வொர்த் ஸ்பானரில் பொறித்த எண் போல்ட் தண்டின் விட்டத்தைக் குறிக்கும், தலையின் அகலத்தை அல்ல. மில்லிமீட்டர் ஸ்பானரை மாட்டித் திருகினால் தலையின் முனைகள் மழுங்கிவிடும். பல பழைய வண்டிகளில் பேட்டரியின் நேர்முனைதான் சட்டத்துடன் இணைந்திருக்கும். இதை அறியாமல் புதிய மின்னணுக் கருவியைப் பொருத்தினால் அது எரிந்துபோகக்கூடும்.

கெடாவின் வெக்கையும் மழையும் இவ்வண்டிகளுக்குத் தனிச் சோதனை. பாதி காலியான டேங்கில் ஈரம் படிந்து துருப்பிடிக்கும். நிறுத்தி வைக்கும்போது நிரப்பி வைப்பது நல்லது. மின் இணைப்புகளைத் திறந்து பச்சைப் பூச்சைச் சுரண்டி, கிரீஸ் தடவ வேண்டும். தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடிய பின் செயினைத் துடைத்து எண்ணெய் இட வேண்டும். வாரம் ஒருமுறை எஞ்சின் நன்கு சூடேறும்வரை ஓட்டினால் உள்ளே சேர்ந்த நீர் ஆவியாகும். சொந்தக்காரரே சாதாரணக் கருவிகளால் செப்பனிடும்படி வடிவமைத்த வண்டிகள் இவை. இந்தச் சிறு வேலைகள் தவறாமல் நடந்தால் அறுபது, எழுபது வயதான எஞ்சினும் தினசரிப் பயணத்துக்கு உதவும்.