தோட்டப் பகுதியில் முதியோர் வேதபாடம்

கொழும்பிலிருந்து மலையேறி வரும் புகைவண்டி தெமோதரையைக் கடந்து, பதுளையை அடையுமுன் இறுதியாக நிற்கும் நிலையம் ஹாலிஎல. பதுளைவரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1924ஆம் ஆண்டில். அதற்கு நெடுங்காலம் முன்னரே தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் இந்த ஊவா மலைச்சரிவுகளில் முதலிற் காப்பியையும் பின்னர் தேயிலையையும் வளர்த்தனர். அவர்களுள் ஒரு சாரார் கிறிஸ்தவர். அச்சபைகளில் வளர்ந்தோர் வேதாகமத்தைக் கற்கும் முறைபற்றிச் சில கூற விரும்புகின்றேன்.

1854ஆம் ஆண்டில், தோட்டத் துரைமார் சிலரின் ஆதரவோடு, அங்கிலிக்கன் மிஷனரிமார் இலங்கைத் தோட்டங்களுக்கென ஒரு பணியைத் தொடங்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘தமிழ்க் கூலி மிஷன்’. அக்காலத்து மனப்பாங்கை அப்பெயரே காட்டிவிடுகிறது. பிற்காலத்தில் அதனை மாற்றியது நன்றே. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டந்தோறும் நடந்து சென்று போதித்தனர். கேட்போரிற் பெரும்பாலார் எழுத்தறியாதவர். ஆகவே உபதேசியார் வாசிப்பார், சபையார் திருப்பிச் சொல்வர். உபதேசியார் வினவுவார், சபையார் மனனஞ்செய்த விடையைக் கூறுவர். எழுத்தறியாத பலர் சங்கீதங்களை முழுமையாக நெஞ்சிற் பதித்துக்கொண்டது இம்முறையினாலேயே. அதைக் குறைவாக மதிப்பிடல் ஆகாது. ஆயினும் இம்முறையில் வினவும் உரிமை என்றும் ஒருவருக்கே உரியதாயிருந்தது.

வினா சபையாரிடமிருந்து எழும்போது என்ன நிகழ்கிறது என்பதை ஓர் உதாரணத்தாற் காண்போம். மத்தேயு சுவிசேஷம் இருபதாம் அதிகாரத்தில், திராட்சத் தோட்டத்துக்கு வேலையாட்களை அமர்த்திய வீட்டெஜமானின் உவமை வருகிறது. விடியற்காலையில் வந்தவர்களுக்கும், பதினோராம் மணி வேளையில் வந்தவர்களுக்கும் அவன் ஒரே கூலியைக் கொடுத்தான். ‘பதினோராம் மணி’ என்றதும் கேட்பவர் முற்பகல் பதினொரு மணி என்று எண்ணுவது இயல்பு. அப்படியானால் பிந்தி வந்தவன் அரை நாளுக்கு மேலாகவே உழைத்திருக்கிறான். கதையின் கூர்மை மழுங்கிவிடும். யூதர் பகற்பொழுதைச் சூரியோதயத்திலிருந்து எண்ணினர். பதினோராம் மணி என்பது மாலை ஐந்து. அவன் உழைத்தது ஒரே மணி நேரம். 1871ஆம் ஆண்டில் போவர் ஐயர் தலைமையில் வெளிவந்த மொழிபெயர்ப்பு, மூலத்தைத் தழுவிப் பதினோராம் மணி என்று வைத்தது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்போ ஐந்து மணி என்றே கூறுகிறது. கூலியைப் பழையது ஒரு பணம் என்கிறது. புதியது தெனாரியம் என்கிறது. தெனாரியம் உரோமரது வெள்ளிக் காசு, ஒரு தொழிலாளியின் ஒரு நாட்கூலி. இரு நூல்களையும் அருகருகே வைத்து வாசித்தால், அகராதியின்றியே பாதி ஐயம் தீரும்.

ஆனால் தோட்டத்தில் இவ்வுவமைக்கு இன்னும் நெருங்கிய ஒரு சொல் உண்டு. அங்கே ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்பர். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். “ஒரு மணி நேரம் நின்றவனுக்கு முழுப்பேர் போட்டார்” என்று வகுப்பை நடத்துபவர் சொன்னால், இருப்பவர் அனைவரும் நிமிர்ந்து உட்காருவர். “அப்படியென்றால் விடியற்காலையிலிருந்து வெயிலில் நின்றவன் முறுமுறுத்தது நியாயந்தானே, தம்பி?” என்று ஒரு மூதாட்டி கேட்பார். இக்கேள்வியை, “அது பரலோக ராஜ்யத்தைப் பற்றியது, ஆச்சி” என்று உடனே மூடிவிடுவோர் உண்டு. அது மெய்யே. இவ்வுவமை சம்பள நிர்ணயச் சட்டமன்று. இறைவனது தயை கணக்குக்கு அடங்காதது என்பதே அதன் பொருள். எனினும் அவ்விடைக்கு விரைந்து ஓடுவது தவறு என்பது என் கருத்து. பிந்தியவர்கள் ஏன் கடைத்தெருவில் நின்றனர்? ஒருவரும் தங்களை வேலைக்கு அமர்த்தவில்லை என்று அவர்களே சொல்கின்றனர். பெரட்டில் வேலை கிடையாது திரும்பிய ஒருவருக்கு அவ்விடை விளங்குவதுபோல், வேதசாஸ்திரக் கல்லூரியிற் பயின்றவருக்கு விளங்காது.

பிறிதோர் அபாயமும் உண்டு. கொடுத்ததைப் பெற்றுக்கொண்டு பேசாதிருக்க வேண்டும் என்று போதிக்க இவ்வுவமையைக் கையாள்வோர், அவ்வெஜமான் பேசிய கூலியைக் குறையாமல் அன்று மாலையே கொடுத்தான் என்பதை மறந்துவிடுகின்றனர். ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது அடையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது உபாகமம் இருபத்துநான்காம் அதிகாரத்தின் கட்டளை. இரண்டையும் ஒரே மாலையில் வாசித்தல் நன்று.

வகுப்பின் வேளையையும் சிறிது சிந்திக்க வேண்டும். கொழுந்தெடுக்கும் பெண்கள் மாலையில் லயம் திரும்பி, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குச் சோறிட்ட பின்னரே வரக்கூடும். ஆறு மணிக்குத் தொடங்கும் வகுப்பு ஆண்களின் வகுப்பாகவே முடியும். ஏழரை மணி தாழ்வில்லை. கண் மங்கியவருக்குப் பெரிய எழுத்துப் பிரதியொன்று வேண்டும். வாசிக்கத் தெரிந்த பேத்தி பாட்டியருகில் அமர்ந்து வாசித்தால், அது இருவருக்கும் பாடமாகும். கத்தோலிக்கரிடையேயும் இவ்வழக்கம் வளர இடமுண்டு. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பொதுநிலையினர் யாவரும் வேதத்தை வாசிக்கும்படி வற்புறுத்தியது.

உவமைக்குப் பின் எதனை எடுப்பது என்று கேட்டால், ரூத்தின் சரித்திரத்தைச் சொல்வேன். பிறநாட்டிலிருந்து வந்த விதவை. பிறர் வயலிற் கதிர் பொறுக்கி மாமியைக் காத்தவள். பகல் முழுதும் பொறுக்கியதை அவள் மாலையில் தட்டி அளந்தபோது, ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை இருந்தது என்று அங்கே எழுதியிருக்கிறது. ஒரு மரக்கால் என்றால் எத்தனை கிலோ என்று, நாள்தோறும் கொழுந்து நிறுத்துப் பழகிய பெண்கள் முதலிற் கேட்பார்கள்.